கூடத்தின் பாதி வரை வந்த குழாய்

கள்ளக்குறிச்சியில் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு நான் பிளான் வரைந்து கொடுக்கிறேன். இதற்காக எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை. சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் மேஸ்திரி தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவதைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கோட்டைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அதையே திரையில் இழுக்கக் கற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போடப் படித்த இன்ஜினியர் ஒருவர் வேண்டும். வரைகிற கை என்னுடையது. ஊரில் என்னைப் பிளான்காரர் என்பார்கள்.

எனக்கு வரைவதைவிடப் பேசுவது பிடிக்கும். பேசுவதைவிடக் கேட்பது இன்னும் பிடிக்கும். யாரோ போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை நாள்கணக்கில் என் வாயிலேயே கிடக்கும். ஒரு தடவை வானம் கறுத்து, பெய்யவும் பெய்யாமல் கலையவும் கலையாமல் நின்றது. கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆள் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "கோவிச்சுகினு போன மருமவன் மாதிரி வாசல்லயே நிக்குது பாரு, உள்ளயும் வர்ல, ஊருக்கும் போவல" என்றார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்படி மனிதர்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிக்கொண்டே காலம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வாக்கியம் இப்படித் தொண்டையில் முள்ளாக நிற்கும் என்று நினைக்கவில்லை.

துணிக்கடை முதலாளி ஒருவர், பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி மாடிக்கு மேல் மாடியாகப் புதுக் கடை கட்டினார். கீழ் மாடிகள் எல்லாம் துணி. உச்சி மாடியில் ஒரு நீளமான கூடம். கடையில் வேலை செய்யும் பெண்கள் அங்கேதான் படுக்க வேண்டும். கூடத்தின் ஒரு முனையில் மாடிப்படி. மறுமுனையில் சுவரை ஒட்டிச் சமையலறை. பெண்களில் பாதிப் பேர் கல்வராயன் மலையிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் சின்னசேலம், நைனார்பாளையம் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பழைய கடைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். புதுக் கடையில் தனிக் கூடம், ஃபேன், குழாயில் தண்ணீர் என்று கேட்டதும் அத்தனை பேருக்கும் சந்தோஷம்.

அவர்களுக்குச் சமைக்கிற அம்மாவும் மலைக்காரர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர். புருஷன் இல்லை, ஒரே மகள். மகளுக்குச் சேலைப் பிரிவில் வேலை கிடைத்ததும், அவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல், அதே கடையில் சமையல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்துவிட்டார். "பொண்ண இங்க வுட்டுட்டு நான் அங்க இன்னாண்ணா பண்றது? பலாமரத்துக்குக் காவல் காக்கறதா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இந்த மாதிரிப் பேச்சுதான் காரணம்.

தீயணைப்பு ஏற்பாடுகளைப் பார்க்கச் சேலத்திலிருந்து ஓர் இன்ஜினியரை முதலாளி அழைத்திருந்தார். கூரையில் குழாய் ஓடும், அதில் எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்கும், குழாயில் இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்னத் தலைகள் தொங்கும், ஒவ்வொரு தலையிலும் சிவப்பாக ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும், சூடு ஏறினால் அது வெடித்துத் தண்ணீர் பொழியும் என்று அவர்தான் எங்களுக்கு விளக்கினார். ஸ்பிரிங்ளர் என்றார். கொத்தனார்கள் அன்றைக்கே அதற்குப் பூவாளி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் தகராறு அங்கேயே தொடங்கியது.

"கடைக்குப் போடுங்க சார், நான் வேணாங்கல. சேலையில நெருப்பு புடிச்சா நான் அம்பேல். மேல எதுக்கு? மேல இன்னா சரக்கா கெடக்குது?" என்றார் முதலாளி.

"மேலதான் சார் ஆளு தூங்குது."

"தூங்கறாங்கன்னு யாரு சொன்னது? வேல முடிஞ்சி ரெஸ்ட் எடுக்கறாங்க."

"கண்ணை மூடிக்கிட்டு ரெஸ்ட் எடுத்தா அதுக்குப் பேரு தூக்கம்தான் சார். கீழ கடை, மேல ஆளுன்னா விதியே வேற."

அவர் விதியை எடுத்துக் காட்டினார். முதலாளியின் மைத்துனர் அதே விதியை வாங்கி, கட்டடம் அவ்வளவு உயரமில்லை, இது நமக்குப் பொருந்தாது என்று வேறு மாதிரி படித்துக் காட்டினார். இன்ஜினியருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அன்று துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முதலாளியே, "சரி வுடுங்க, பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடம், போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இன்றும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வேதனையில் அதுவும் ஒன்று.

நான் குழாய்களைச் சிவப்புக் கோட்டில் வரைந்தேன். மாடிப்படியில் தொடங்கிச் சமையலறைச் சுவர் வரை கூடம் முழுவதும் கோடு போயிற்று.

அந்தப் பிளான் மனையடி பார்க்கிற பெரியவரிடம் போனது. எங்கள் பக்கத்தில் இது கட்டாயம். இன்ஜினியர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாஸ்து பார்க்கிறவர் தலையாட்ட வேண்டும். அவர் காசுக்கு வாய் மாற்றுகிற ஆள் இல்லை. நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டில் இதுதான். சமையலறையைத் தென்கிழக்கில், அக்கினி மூலையில் வைக்கச் சொன்னதும் அவர்தான். பிளானில் அந்த மூலையைப் பார்த்தவர் விரலை எடுக்கவே இல்லை.

"இது இன்னாது செவப்பா?"

"தண்ணிக் கொழாய்ங்க. நெருப்புக்கு."

"அக்கினி மூலையில, தல மேல, எப்பவும் தண்ணி நிக்குமா?"

"நிக்கும்ங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் முகம் அப்போதே மாறிவிட்டது. அவர் மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவர்கள் குடியிருந்த வீட்டில் அதே அக்கினி மூலையில் தண்ணீருக்குப் போர் போட்டிருந்தார்கள். போர் போட்டதும் அந்த அம்மா படுத்தார், எழுந்திருக்கவில்லை. அந்த மூலையில் தண்ணீர் நின்றால் கஷ்டம் வீட்டுப் பெண்களுக்குத்தான் என்று இதே பெரியவர் அப்போது சொல்லியிருக்கிறார். முதலாளி கேட்கவில்லை. அந்தக் கதை ஊருக்கே தெரியும்.

"நான் சொல்றதச் சொல்லிட்டேன் மொதலாளி. அப்பறம் ஒங்க இஷ்டம். பொம்பளைங்க பொழங்கற எடம்" என்றார் பெரியவர்.

இன்ஜினியர் சேலத்திலிருந்து மறுபடி வந்தார். "நெருப்பு உங்க மூலையைப் பாத்துட்டா வரும் ஐயா?" என்று கேட்டார்.

பெரியவர் கோபப்படவில்லை. "அது அதோட வூடு சார். வூட்டுல படுத்துகினு இருக்கறவன மூஞ்சில தண்ணி ஊத்தி எழுப்புனா இன்னா பண்ணுவான்? எழுந்து அடிப்பான்."

வேறு எங்காவது இதைக் கேட்டிருந்தால் ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுப்பு எங்கே வரும், மேடை எவ்வளவு உயரம் என்று கேட்பதற்காக முதலாளி ஒரு நாள் சமையல் அம்மாவை மேலே அழைத்து வந்தார். "சமைக்கிறவங்கதான் சொல்லணும், நாம இன்னாத்தக் கண்டோம்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் இருந்தோம். அந்த அம்மா பூசாத சுவரைத் தொட்டுப் பார்த்தார், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார், பிறகு அண்ணாந்து, "மேல இன்னாண்ணா வரப்போவுது?" என்றார்.

நான் சொன்னேன். சூடு ஏறினால் தானாகத் தண்ணீர் கொட்டும் என்றேன்.

அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "அய்யய்ய! எண்ணெச் சட்டி காஞ்சுகினு இருக்கசொல்ல மேலருந்து தண்ணிய ஊத்துனா, வூட்டக் கொளுத்தறதுக்குத் தனியா ஒரு ஆளு வோணுமாண்ணா?" மலையில் ஒரு கல்யாணத்தில் வடைச் சட்டி பற்றிக்கொண்டபோது எவரோ பதறிக் குடத்துத் தண்ணீரைக் கொட்டியதையும், தீ பந்தல் வரை எழுந்ததையும் சொன்னார். "நாங்கல்லாம் சாக்க நனைச்சி மூடுவோம், இல்லன்னா மண்ண வாரி அடிப்போம்."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா சொல்றது சரிதான்" என்று தொடங்கினார். "அடுப்புக்கு நேர் மேல தண்ணி கூடாது. அதுக்கு வேற மருந்து இருக்கு, வேற குழாய் இருக்கு, அதைத் தனியாப் போடணும். ஆனா அது அடுப்புக்கு மட்டும். கூடத்துக்குத் தண்ணிதான். சமையல்கட்டுச் சுவத்துப் பக்கம் படுக்கிறவங்களுக்குத்தான் முதல்ல..."

முதல் வாக்கியத்துக்கு மேல் யாரும் காதில் வாங்கவில்லை.

"பாத்தீங்களா சார்? சமைக்கிற அம்மாவே வோணாங்கறாங்க. நீங்களும் சரின்னுட்டீங்க." முதலாளியின் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய தெளிவு. மனைவியின் சாவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு சமையல்காரி வழி காட்டிவிட்டார். பெரியவர் பென்சிலை எடுத்து என் பிளான் மேலேயே மாடியை நாலு கட்டமாகப் பிரித்தார். அக்கினிக் கட்டம் சமையலறையோடு நிற்கவில்லை, சுவரைத் தாண்டிக் கூடத்துக்குள்ளும் நீண்டது. "இதுக்குள்ள தண்ணி வரக் கூடாது" என்றார். என் சிவப்புக் கோடு கூடத்தின் நடுவில் வெட்டப்பட்டது.

"அந்த அம்மா சொன்னது எண்ணெய்ச் சட்டியை சார், ஆளுங்க படுக்கிற இடத்தை இல்ல!" இன்ஜினியர் குரல் ஏறி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். என் பங்குக்கு நானும் சொன்னேன். "மொதலாளி, அடுப்படிய வுட்டுட்டாலும் கூடத்தையாவது முழுசாப் போட்டுடலாம்ங்க."

"நீ பிளான் போடு தம்பி" என்றார் முதலாளி. கடுமையாகச் சொல்லவில்லை.

கீழே டீக்கடையில் இன்ஜினியர் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். "என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேங்க. நான் பேரை எடுத்தா அந்தப் பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. வேற ஒருத்தர் பேரு வரும், அவ்வளவுதான்." அப்படியே ஆயிற்று. வேறொருவர் வந்தார். விதியை மூன்றாவது விதமாகப் படித்தார். மேல் மாடியை ஓய்வுக் கூடம் என்று போட்டால் பாதிக் கூடத்துக்குக் குழாய் போதும் என்றார். அனுமதி தருகிற ஆபீஸ்களுக்கெல்லாம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். படிக்காத பிளான்காரன் படித்தவர் கையெழுத்துக்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்? அனுமதி வந்தது. குழாய் நடுக் கூடத்தில் ஒரு மூடியோடு நின்றது. அதை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். அதன் பிறகு வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் அண்ணாந்து பார்த்து, சிவப்புத் தலைகள் எங்கே முடிகின்றன என்று தேட வேண்டும். யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் அந்த அம்மா பாத்திரங்களைக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கூடத்தில் படுக்க இடம் பிடித்திருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். சமையலறைச் சுவரை ஒட்டிய இடம். "நான் அடுப்படியிலதான் படுக்கப்போறேன், செவுத்தத் தட்டுனா எனுக்குக் கேக்கும்ணா. ராத்திரில தண்ணி வோணும்னா தட்டுவா."

எனக்கு அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். குழாய் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, அன்று அவர் சொன்னதை யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த அண்டாவைக் கீழே வைத்தார். "நான் சட்டியத்தானேண்ணா சொன்னேன்?"

"ஆமாம்மா."

"படுக்கற எடத்துக்கு வோணாம்னு நான் சொல்லுவனா? எம் பொண்ணு படுக்கற எடத்துக்கு?"

அப்போதே இறங்கி முதலாளியிடம் போனார். நானும் கூடப் போனேன். விழா வேலையில் கடை அமளியாக இருந்தது. கல்லாவுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "மொதலாளி, நான் அன்னிக்கி சொன்னது எண்ணெச் சட்டிக்குங்க. கூடத்துக்கு இல்லீங்க. அதத் திருப்பி எடுத்துக்கறங்க" என்றார்.

முதலாளி அன்பாகத்தான் சிரித்தார். "இன்னாம்மா இது, வார்த்தைய எங்கயாவது திருப்பி எடுப்பாங்களா? நீ சொன்னது நல்ல சொல்லு. பெரியவரே தலையாட்டிட்டாரு. ஒங்க நல்லதுக்குத்தான் பண்ணிக்கிது. போய் நிம்மதியா சமைங்க."

அவர் அப்படியே நம்புகிறார். அந்த மூலையில் தண்ணீர் நின்றால் மேலே இருக்கிற பெண்கள் தன் மனைவியைப் போலப் படுத்துவிடுவார்கள் என்று உள்ளபடியே பயப்படுகிறார். பேராசைக்காரர் என்றால் சண்டை போட்டிருப்பேன். பயந்து போயிருக்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்த அம்மா மகளை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று பார்த்தார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "மலைக்குப் போயி இன்னாம்மா பண்ணச் சொல்ற? எல்லா கடையிலயும் இப்டித்தாம்மா படுக்கறாங்க. எங்கயாவது எரிஞ்சிச்சா?" வேறு கடையில் இடம் கேட்டுப் பார்க்கச் சொல்லி அந்த அம்மா என்னிடம் வந்தார். விசாரித்தேன். எங்கே போனாலும் மேல் மாடிதான். அங்கெல்லாம் பாதிக் குழாய்கூட இல்லை.

சில மாதங்கள் கழித்துச் சின்னசேலத்தில் ஒருவர் லாட்ஜ் கட்டப் பிளான் கேட்டார். கீழே ஹோட்டல். குழாய்க் கோட்டைச் சமையலறை வரை இழுத்துக் காட்டினேன். அவர் பேனாவால் தட்டி, "இது வோணாம் பிளான்காரரே. எண்ணெச் சட்டி மேல தண்ணிய ஊத்துனா வூட்டக் கொளுத்த ஆளு வோணுமாங்கறாங்களே, கேட்டதில்லியா?" என்றார்.

"யாருங்க சொன்னது?"

"ஊரே சொல்லுது. கள்ளக்குறிச்சியில பெரிய கடையில அப்டித்தான் வுட்டுக்கிறாங்களாம்."

அந்தச் சமையலறைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளையும் சேர்த்துக் குழாய் இல்லாமல்தான் கட்டினார்கள். அந்த வாக்கியத்தைச் சொன்னது யார், எதைச் சொன்னார், பிறகு எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதைத் திருப்பி எடுக்கப் பார்த்தார் என்பதையெல்லாம் விளக்கினேன். "சொன்னவங்களே இல்லன்னாலும் சொன்னது கரீட்டுதானே" என்றார். அந்த அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு கழிவறைச் சுவர் ஊறுகிறது என்று போன மாதம் கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு மேலே ஏறினேன். மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் முறை வைத்து ஏறி வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் அவரவர் பாயும் பெட்டியும். சமையலறைச் சுவரை ஒட்டி மகளின் பெட்டி இல்லை. தேடினேன். மாடிப்படிப் பக்கம், சிவப்புத் தலைகள் தொங்குகிற பாதியில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது.

"மாத்திட்டேண்ணா" என்றார் அந்த அம்மா மெதுவாக. "ஏம்மா என்னத் தள்ளி வுடுறன்னு பொண்ணு ஒரு வாரம் பேசல. அங்க காத்து வருதுன்னேன்."

மகள் போய்விட்ட இடத்தில் வேறு ஒரு பெண்ணின் பெட்டி இருந்தது. நைனார்பாளையத்துப் பெண். ஒல்லியாக, பள்ளிக்கூடத்தை இப்போதுதான் விட்டவள் மாதிரி இருந்தாள். இடத்தை மாற்றிக்கொள்ளக் கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டாளாம். அவளுக்குச் சமையலறைப் பக்கம் பிடித்திருந்தது. குளிருக்குச் சுவர் கதகதப்பாக இருக்கிறதாம்.

அந்த அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே வரிசையில் வந்தார். எல்லோருக்கும் ஒரு கரண்டி. மகளுக்கும் ஒரு கரண்டி. அந்தப் பெண்ணின் தட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி ஊற்றி, கூட்டை அள்ளி வைத்து, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த அப்பளத்தை எடுத்து உடையாமல் ஓரத்தில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மாக்கு என்ன மட்டும்தான் புடிக்குது" என்று அந்தப் பெண் மற்றவர்களைப் பார்த்துப் பழித்துக் காட்டினாள்.

"தின்னுடி, தின்னு. வத்தலாட்டம் கெடக்கற" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டார். நான் படியிறங்கக் கிளம்பியபோது அந்தப் பெண் தட்டை வழித்துக்கொண்டே, இன்னொரு அப்பளம் இருக்கிறதா என்று சுவரைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.